முக்கு திரும்பும்போது வரும் சத்தம்

புவனா, செந்தில்,

நீங்கள் இரண்டு பேரும் பஸ் ஏறிப் போனதிலிருந்து வீடு சும்மா கிடக்கிறது. நானும் சும்மா இருக்கிறேன். வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே நீங்கள் பேச்சை மாற்றிவிடுவீர்கள். அதனால் எழுதுகிறேன். எட்டாவதோடு நின்ற படிப்பு. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா போய் வருஷம் திரும்பி சாமி கும்பிட வந்த இடத்தில் ஆளுக்கு ஒன்று கேட்டீர்கள். புவனா கேட்டது, "அப்பா, நாங்க வாங்கின பழைய காருல காலைல ஸ்டார்ட் பண்ணா ஒரு சத்தம் வருது, என்னாவா இருக்கும்?" செந்தில் கேட்டது கேள்வி இல்லை, கிண்டல். "ஊர் வண்டிக்கெல்லாம் காது வச்சிக் கேட்டீங்க. உங்க மொபெட்டு முக்கு திரும்பினா தெரு நாயெல்லாம் எந்திரிச்சி நிக்குது. மெக்கானிக் வண்டியாப்பா இது?" செந்தில், நீ கேட்டதோடு விடாமல் மறுநாள் வண்டியை வேறொரு மெக்கானிக் கடைக்கு எடுத்துக்கொண்டு போய் அந்தச் சத்தத்தை நிறுத்தியும் கொண்டுவந்தாய். நல்ல மனசோடு செய்தாய். இரண்டு பேருக்கும் சேர்த்து இதுதான் பதில்.

கடலூர் ஓல்டு டவுனில் லாரி ஷெட்டில் நான் தொழில் பழகிய கதை உங்களுக்கு மனப்பாடம். அங்கே பல வருஷம் இருந்து கற்றதைச் சுருக்கினால் இரண்டு பாடம்தான். ஆடுவது எதுவானாலும் முடுக்கு. முடுக்கியும் ஆடினால் மாற்று. இந்த இரண்டை வைத்துக்கொண்டுதான் 2004-இல் சிதம்பரம் வந்து யூசுப் பாய் ஒர்க் ஷாப்பில் சேர்ந்தேன்.

பாய்க்கு ஊர் பரங்கிப்பேட்டை. துபாயில் வேலை பார்த்துத் திரும்பி வந்து, சொந்தமாகக் கடை போட்டவர். என்னைவிட வயதில் சின்னவர். முதலாளி அவர், ஆனால் என்னை "அண்ணே" என்றுதான் கூப்பிடுவார். நான் "பாய்" என்பேன். சத்தம் போட்டுப் பேசி நான் பார்த்ததில்லை. கோபம் வந்தால் கையில் இருக்கிற ஸ்பேனரைத் துணியால் துடைத்துக்கொண்டே இருப்பார். ரொம்ப நேரம் துடைத்தால் நாங்கள் விலகிப் போய்விடுவோம்.

அவரிடம் ஒரு பழக்கம். என்ஜினில் சத்தம் என்று யார் வந்தாலும் உடனே பானட்டைத் திறக்க மாட்டார். ஷெட்டில் சுத்தியல், ரேடியோ எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்வார். வண்டிக்காரரை ஸ்டூலில் உட்கார வைத்து, "அந்தச் சத்தம் எப்படி வருதுன்னு வாயால செஞ்சி காட்டுங்க" என்பார்.

நான் சேர்ந்த புதிதில் ஒரு வக்கீல் வந்தார். கோர்ட்டுக்குப் போகிற வழி, கறுப்புக் கோட்டு.

"ஏதோ வித்தியாசமா சத்தம் வருதுப்பா. பாத்து வை, சாயந்திரம் வரேன்."

"எப்படி சார் வருது? செஞ்சி காட்டுங்க."

வக்கீல் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்தார். தொண்டையைச் செருமினார். "கீ...ச். கீ...ச்."

"கடைசில இழுக்குதா சார், வெட்டுதா?"

"இரு... கீஈஈ... இழுக்குதுப்பா."

"எப்ப நிக்குது?"

"வண்டி கொஞ்சம் ஓடினா நின்னுடுது."

எதிர் டீக்கடையிலிருந்து ஒரு குரல் வந்தது. "பாய் கடைல இன்னிக்குக் கச்சேரி சீக்கிரமே ஆரம்பிச்சிட்டாங்கப்பா." வக்கீலே சிரித்துவிட்டார். பாய் சிரிக்கவில்லை. ஓடுகிற பெல்ட்டின் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்தார். சத்தம் நின்றது. பெல்ட் மாற்றினோம். அவ்வளவுதான்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று ஒரு நாள் சாப்பிடும்போது கேட்டேன். "துபாய்ல மலையாளி வருவான், பாகிஸ்தான் பட்டாணி வருவான், அரபி வருவான், பிலிப்பினோ வருவான். எவன் பேசறதும் எனக்குப் புரியாது. வாயால செஞ்சி காட்டுன்னா மட்டும் எல்லாம் ஒரே பாஷைண்ணே" என்றார்.

இன்னொன்றும் சொல்வார். "எப்ப வருதுன்னு எல்லா மெக்கானிக்கும் கேப்பான். எப்ப நிக்குதுன்னு கேக்கணும்."

புவனா, நீயும் அதைத்தான் பார்க்க வேண்டும். காலையில் வருகிற சத்தம் என்ஜின் சூடானதும் நின்றுவிட்டால் பிஸ்டன் கொஞ்சம் தேய்ந்திருக்கும், அவசரம் இல்லை. கிளட்சை மிதித்ததும் நின்றால் அது என்ஜினே இல்லை, கியர் பாக்ஸ் பக்கம். ஏ.சி.யை அணைத்ததும் நின்றால் கம்ப்ரசர். மேலே தலைப்பக்கம் தையல் மிஷின் மாதிரி டிக் டிக் என்று நிற்காமல் ஓடினால் வால்வை அமுக்குகிற டேப்பட்டின் இடைவெளி சரி செய்ய வேண்டும். இதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை வரை பொறுக்கும். ஆனால் வேகத்தில் ஆக்சிலேட்டரை விடும்போது அடிவயிற்றிலிருந்து தொம் தொம் என்று உதைத்தால் ஓரம் கட்டி அணைத்துவிடு. வீடு வரைக்கும் ஓட்டிப் போய்விடலாம் என்று நினைக்காதே. அது பேரிங். அந்தச் சத்தத்தோடு வந்தவன்தான் அந்தோணி.

அந்தோணிக்கு டீசல் அம்பாசிடர், சொந்த வண்டி. ரயிலடி ஸ்டாண்டில் நிற்பான். பரங்கிப்பேட்டை ஆட்களை மெட்ராஸ் ஏர்போர்ட்டில் கொண்டுபோய் விடுவதும் கூட்டி வருவதும்தான் பெரிய சவாரி. சுனாமி போய் இரண்டு மூன்று வருஷம் இருக்கும். பிரேக் பார்க்க வந்தவன் வண்டியை ஷெட்டுக்குள் ஏற்றும்போதே பாய் கையை உயர்த்தி எல்லாரையும் நிறுத்தினார்.

"அந்தோணிண்ணே, ரேஸ் குடுத்து விடுங்க."

கொடுத்து விட்டான். தொம் தொம்.

"இது பேரிங்ணே. இறக்கிப் பாக்கணும்."

"பிரேக் மட்டும் பாருங்க பாய்."

"அடுத்த வாரம் ஏர்போர்ட் சவாரின்னீங்க. இது திண்டிவனம் தாண்டாது. வண்டில குழந்தை குட்டி இருக்கும்."

"அதெல்லாம் தாண்டும். எம்மா நாளா இதோடதான் ஓட்டறேன்."

நான் இடையில் புகுந்தேன். "என்னா மச்சான், காசுக்குப் பாக்கறியா?"

"காசு இல்ல மச்சான். எனக்கு அந்தச் சத்தம் வேணும்."

ஷெட்டே சிரித்தது. "கல்யாணத்துக்கு பேண்டு செட்டு வேணாம், இவன் வண்டிய வுட்டா போதும்" என்றான் டிங்கர் வேலை செய்கிறவன். அந்தோணி சிரிக்கவில்லை. பாய் ஸ்பேனரைத் துடைக்க ஆரம்பித்திருந்தார். அதைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது.

பிறகுதான் சொன்னான். அவன் மனைவி பிலோமினாவுக்குச் சர்க்கரை ஜாஸ்தியாகி இரண்டு கண்ணும் போய்விட்டது. வீட்டில் பகலெல்லாம் தனியாக இருப்பாள். சமையல் எல்லாம் அவன்தான்.

"வண்டி எங்க சந்து முக்குல திரும்பறப்பவே அவளுக்குத் தெரிஞ்சிடும். எந்திரிச்சி சுவரப் புடிச்சிக்கிட்டே வந்து, நான் எறங்கறதுக்குள்ள கதவத் தொறந்துட்டு நிப்பா. இப்ப அவ எனக்குச் செய்யற வேலை அது ஒண்ணுதான் பாய். சத்தத்த நீங்க எடுத்துட்டா அதுவும் இல்ல."

"ஹாரன் அடிச்சிக்கிட்டு வாயேன்" என்றேன்.

"அந்தச் சந்துல ஸ்கூல் வேன்காரன் அடிக்கறான், பால்காரன் அடிக்கறான். ரெண்டு தடவ எவனுக்கோ கதவத் தொறந்துட்டு நின்னுட்டா மச்சான். அக்கம்பக்கத்துல சிரிச்சிட்டாங்க. அதிலேர்ந்து ஹாரனுக்கு எந்திரிக்கறதில்ல."

பாய் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"அந்தோணிண்ணே, ராடு ஒடைஞ்சி என்ஜின் பிளாக்கக் கிழிச்சிடுச்சின்னா வண்டியே வராது. அப்ப அவுங்க எதக் கேட்டு எந்திரிப்பாங்க?"

அந்தோணி வண்டிச் சாவியை பாய் கையில் கொடுத்தான். "செய்ங்க. ஆனா அவ எந்திரிக்கற மாதிரி சத்தம் ஒண்ணு நீங்கதான் குடுக்கணும்."

"இன்ஷா அல்லாஹ்" என்றார் பாய். வாக்குக் கொடுத்துவிட்டார். எப்படி என்று அவருக்கும் தெரியாது.

எந்த சிலிண்டர் என்று பார்ப்பது ஒரு தனி வேலை. என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு சிலிண்டருக்கும் டீசல் போகிற பைப்பின் நட்டைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். டீசல் வெளியே கசியும், அந்த சிலிண்டர் மட்டும் வேலை செய்யாது. எதைத் தளர்த்தும்போது தொம் தொம் அடங்குகிறதோ, பேரிங் போனது அதற்கு. ஒன்று, இரண்டு தளர்த்தினேன், மாற்றம் இல்லை. மூன்றாவதைத் தளர்த்தியதும் குழந்தை அழுகையை நிறுத்தின மாதிரி அடங்கியது. நீண்ட ஸ்க்ரூ டிரைவரை பிளாக்கில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டு பாயும் தலையாட்டினார்.

என்ஜினை இறக்கினோம். பேரிங்கில் வெள்ளைப் பூச்சு முழுக்கத் தேய்ந்து செம்பு தெரிந்தது. அதில் சுற்றுகிற கிராங்க் தண்டும் கீறியிருந்தது. அதைச் சாக்கில் சுற்றி, கடலூர் லேத்துக்கு நான்தான் பஸ்ஸில் கொண்டுபோனேன். மடியில் வைத்திருந்ததைப் பார்த்து பக்கத்து சீட்டுக்காரர், "பண்ருட்டி பலாவா மாமா? வாசனையே காணமே" என்றார். தூக்கிப் பாருங்கள் என்று கொடுத்தேன். கடலூர் வரை அவர் வேறு பேச்சே எடுக்கவில்லை.

எல்லாம் புதிதாகப் போட்டு என்ஜினை ஏற்றினோம். இறக்கிய கையோடு, என்ஜினைத் தாங்குகிற, தேய்ந்துபோயிருந்த மவுண்டிங் ரப்பர்களை மாற்றினேன். அடியில் சைலன்சர் பைப்பைப் பிடித்திருக்கிற கிளாம்ப் லொடலொடவென்று ஆடிக்கொண்டிருந்தது. கடலூர் கை அல்லவா, அதையும் இறுக முடுக்கினேன். வண்டி தண்ணீர் மாதிரி ஓடியது. டேப்பட் ஒன்றை மட்டும் பாய் கொஞ்சம் இளக்கமாக வைத்தார். டிக் டிக் என்று மெல்லக் கேட்டது. "வண்டிக்கு ஒண்ணும் ஆவாதுண்ணே. அவுங்களுக்கு இது போதும்" என்று அனுப்பிவைத்தார்.

அந்தோணி மறுநாள் காலையிலேயே வந்துவிட்டான். இறங்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.

"வாசல்ல நின்னு கூப்ட்டேன் பாய். உள்ள இருந்து விழுந்தடிச்சி ஓடியாந்தா. நாற்காலில இடிச்சிக்கிட்டா. எப்ப வந்த, எப்ப வந்தன்னு அதையே கேட்டுக்கிட்டு இருந்தா. அழுவல. அழுதிருந்தாக்கூடப் பரவால்ல."

பாய் கடையை எங்களிடம் விடவில்லை. ஷட்டரை இறக்கினார். டூல் பாக்ஸை டிக்கியில் போட்டுக்கொண்டு நாங்கள் மூன்று பேரும் அந்தோணி வீட்டுக்குப் போனோம். வண்டிகேட் பக்கம் ஒரு சந்து. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு பாய் உட்கார்ந்தார். அந்தோணி சுவரோரம் நின்றான். பிலோமினா சாத்திய கதவுக்கு உள்ளே. நான் வண்டியை எடுத்துக்கொண்டு போய் முக்கிலிருந்து திரும்பி வர வேண்டும். அதுதான் ஏற்பாடு.

முதல் தடவை வந்தேன். உள்ளேயிருந்து குரல் வந்தது. "யாரு வூட்லயோ தையல் மிஷின் ஓடுது."

பானட்டைத் திறந்து இன்னொரு டேப்பட்டை இளக்கினேன். மறுபடி வந்தேன்.

"இப்ப ரெண்டு தையல் மிஷின்."

அந்தோணி தலையில் கை வைத்தான். சந்து ஜனம் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டது. "என்னா மாமா, டிரைவிங் ஸ்கூலா?" என்று மாடியிலிருந்து ஒருத்தன் கேட்டான். நான் மூன்றாவது டேப்பட்டுக்குப் போனபோது பாய் எழுந்து வந்து என் கையைப் பிடித்தார்.

"எல்லார்கிட்டயும் கேக்கறத இவுங்ககிட்ட கேக்கவே இல்லண்ணே."

கதவருகே போய் நின்றார். "அக்கா, உங்க வூட்டுக்காரர் வண்டி எப்படி வரும்? வாயால செஞ்சி காட்டுங்க."

உள்ளே வெட்கப்பட்ட சிரிப்பு. பிறகு, "ட...ங். அவ்ளோதான் தம்பி. சருவத்துல கரண்டி விழுந்த மாதிரி. முக்கு திரும்பறப்ப ஒண்ணு. வாசல்ல நிக்கறப்ப ஒண்ணு."

"அடில தொம் தொம்னு ஒண்ணு வருமே அக்கா?"

"அது எனக்குத் தெரியாதே தம்பி. அப்படியா வரும்?"

பாய் என்னைப் பார்த்தார். நான் பாயைப் பார்த்தேன். அவ்வளவு பெரிய பேரிங் சத்தம் அவள் காதுக்குப் போகவே இல்லை. வண்டி திரும்பும்போதும் நிற்கும்போதும் என்ஜின் ஒரு பக்கம் சாயும். தேய்ந்த ரப்பரில் நன்றாகவே சாயும். அப்போது தளர்ந்த சைலன்சர் பைப் அடிச்சட்டமான சேசிஸில் ஒரு தடவை இடிக்கும். அந்தச் சத்தத்தைத்தான் அவள் இத்தனை நாளாகப் புருஷன் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அதை நாங்கள் மூன்று பேரும் காதில் வாங்கவே இல்லை. பழுதைத் தேடுகிற காதுக்குப் பழுதுதான் கேட்கும். அந்த ஒரு சத்தத்தை, யாரும் சொல்லாமலே, கைப்பழக்கத்தில் முடுக்கி நிறுத்தியவன் நான்.

டேப்பட்களைச் சரியாக வைத்தேன். சந்திலேயே சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் போனேன். புது ரப்பர் இருப்பதால் என்ஜின் முன்பு போல் சாயாது. அதனால் பைப்பையே கொஞ்சம் சேசிஸ் பக்கம் ஒதுக்கி, கிளாம்ப் நட்டைக் கால் சுற்று தளர்த்தினேன். ஓட்டிப் பார்த்தேன். இடிக்கவில்லை. இன்னொரு கால் சுற்று. லேசாகத் தொட்டது. பாய் நாற்காலியில் இருந்தபடியே, போதாது என்று கட்டைவிரலைக் கீழே காட்டினார். மறுபடியும் அடியில் போனேன்.

அடுத்த தடவை முக்கு திரும்பும்போது என் காலுக்குக் கீழே விழுந்தது. டங்.

நான் மெதுவாக வந்து வாசலில் நிறுத்தினேன். டங். என்ஜினை அணைப்பதற்குள் தாழ்ப்பாள் விலகுகிற சத்தம் கேட்டது. கதவு திறந்தது. பிலோமினா நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தலையை வாரி, பூப்போட்ட சேலையின் முந்தானையைச் சரியாக இழுத்துவிட்டிருந்தாள்.

"அடியே, நான் இங்க சுவத்தோரம் நிக்கறேன். உனக்கு அங்க வந்தது வேற ஆளு" என்றான் அந்தோணி.

"தெரியும். வண்டி வந்துச்சி, தொறந்தேன்" என்றாள்.

சந்து முழுக்கச் சிரித்தது. அந்தோணிதான் சிரிப்பதுபோல் முகத்தைத் துடைத்துக்கொண்டான். அடுத்த வாரம் ஏர்போர்ட் சவாரி போய்விட்டு நல்லபடியாகத் திரும்பினான்.

அதற்குப் பிறகு பாய் எல்லாரிடமும் இன்னொரு கேள்வியும் கேட்க ஆரம்பித்தார். "வூட்ல இருக்கறவுங்க என்னா சத்தம் கேக்கறாங்க?" இப்போது கடையில் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. வயரைச் சொருகினால் எங்கே கோளாறு என்று எழுத்தாக வருகிறது. நல்ல சாமான்தான், வேலை சீக்கிரம் முடிகிறது. பாய் இன்னும் வயரைச் சொருகுவதற்கு முன்னால் ஸ்டூலைக் காட்டுகிறார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து உங்கள் அம்மாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். சிரிக்கச் சிரிக்கக் கேட்டாள். கடைசியில் பாய் மாதிரியே கேட்டேன், "நான் வர்றது உனக்கு எப்படித் தெரியும்?"

"எங்க தெரியுது? வண்டிய நல்லா வச்சிக்கறேன்னு பூனை மாதிரி வந்து நிக்கறீங்க. முன்னாடியே டீ போட்டா ஆறிப்போவுது. போடலன்னா எப்படா போடுவான்னு மூஞ்சியப் பாத்துட்டு நிக்கறீங்க."

மறுநாள் ஷெட்டிலிருந்து கிளம்பும் முன் என் மொபெட்டின் சைலன்சர் நட்டை அரைச் சுற்று தளர்த்தினேன். கொஞ்சம் புகை கசியும், கொஞ்சம் கத்தும், அவ்வளவுதான். முக்கில் திரும்பும்போது ஒரு ரேஸ் கொடுப்பேன். நான் ஸ்டாண்டு போடும்போது உள்ளே ஸ்டவ்வில் பால் பொங்குகிற வாசனை வரும். இது எப்படி என்று அவள் ஒரு நாளும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. நீங்கள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால் டம்ளரில் ஆவி பறந்துகொண்டிருக்குமே, அந்த டீ.

போன வருஷம் அம்மா கடலூர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, நான் கட்டில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தும் கொஞ்ச நேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு திரும்பி, "எதுல வந்தீங்க? சத்தமே கேக்கல" என்றாள்.

"பஸ்ல வந்தேன்."

"அதான்" என்றாள்.

செந்தில், நீ வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, "பாருங்கப்பா, இப்ப எப்படி இருக்கு" என்றாய். நன்றாகத்தான் இருந்தது. கடைக்காரர் நல்ல வேலைக்காரர், வாஷர் கூடப் புதிதாகப் போட்டிருந்தார். உன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அந்தோணி வண்டியில் நான் முடுக்காத நட்டா?

உங்களை பஸ் ஸ்டாண்டில் விட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். முக்கில் வழக்கம்போல் ரேஸ் கொடுத்தேன். சத்தம் வரவில்லை, காற்று மட்டும் போயிற்று. வீட்டு வாசலுக்கு வந்து பூட்டைத் திறக்கப் போனவன், திறக்காமல் சீட்டுக்கு அடியில் இருந்த ஸ்பேனரை எடுத்தேன். அங்கேயே குந்தி உட்கார்ந்து சைலன்சர் நட்டை அரைச் சுற்று தளர்த்தினேன். வண்டியைத் திருப்பி, தெருக்கோடி வரை தள்ளிக்கொண்டே போய், அங்கே ஸ்டார்ட் செய்து, முக்கு திரும்பி வந்தேன்.